மூன்றாவது பாலிஹவுஸுக்குப் போகும் வழி

காலை 9.10. பெங்களூரு விமான நிலையத்தின் வாசலில் இரண்டு பெட்டிகளோடு நின்றேன். ஜனவரி கடைசி வாரம். நான் கிளம்பிய நெதர்லாந்து ஊரில் மைனஸ் மூன்று டிகிரி. இங்கே பதினெட்டு டிகிரிக்கே டாக்ஸி டிரைவர்கள் குல்லாய் மாட்டி, மஃப்ளர் சுற்றி, கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். பார்த்ததும் சிரிப்பு வந்தது. ஐந்து நிமிஷம் கழித்து நானும் பெட்டியைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டேன். மைனஸ் மூன்றில் சைக்கிள் ஓட்டிக் கல்லூரிக்குப் போனவள் என்று யாரிடமாவது சொன்னால் நம்பவே மாட்டார்கள்.

இங்கிருந்து எங்கள் வீடு நூற்றுப்பத்து கிலோமீட்டர். தேன்கனிக்கோட்டைக்கும் தளிக்கும் நடுவில், தார் ரோட்டை விட்டு ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே. டாக்ஸி பிடித்தால் மூன்று மணி நேரத்தில் வாசலில் இறங்கிவிடலாம். நான் பஸ்ஸில் போவதென்று முடிவு செய்திருந்தேன். மூன்று பஸ் மாறி, சாமானைத் தூக்கி, ஐந்தாறு மணி நேரம். மிச்சம் பிடிக்கிற குணம் என்று அம்மாவிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன். சுத்தப் பொய். எவ்வளவு மெதுவாக வீடு போய்ச் சேர முடியுமோ அவ்வளவு மெதுவாகப் போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா முனிராஜ் ரோஸ் விவசாயி. எங்களுக்கு மூன்று பாலிஹவுஸ். பிளாஸ்டிக் கூரையும் வலைச் சுவரும் உள்ள அந்தக் கொட்டகைகளில்தான் எங்கள் சோறு. பதினேழு மாதத்துக்கு முன் நான் தோட்டக்கலையில் மேல்படிப்புக்காகக் கிளம்பின வாரம், மூன்றாவது பாலிஹவுஸில் இருந்த பழைய செடிகளை அப்பா வேரோடு பிடுங்கிப் போட்டார். இருபது சென்ட் இடம் வெறும் மண்ணாகக் கிடந்தது. "நீ படிச்சிட்டு வந்து உனக்குப் புடிச்ச ரகமா வெய்யி. அதுவரைக்கும் நான் இதுல கை வெக்கமாட்டேன்" என்றார். இரண்டு வருஷப் படிப்பு ஆகஸ்டில் முடிகிறது, ஆகஸ்டிலேயே வந்துவிடுவேன் என்று நானும் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

இப்போது என் பேராசிரியை நான்கு வருஷ ஆராய்ச்சி இடம் ஒன்றை எனக்குக் கொடுத்திருக்கிறார். பத்து நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்கு அது வேண்டும். வேண்டும் என்றால் அப்படி இப்படி இல்லை, ராத்திரி தூக்கத்திலும் வேண்டும். ஆனால் அப்பாவிடம் போனில் சொல்ல மனசு வரவில்லை. நேரில் சொல்லிவிட்டுத்தான் பதில் எழுதுவது என்று ஒன்பது நாள் லீவில் டிக்கெட் போட்டு வந்திருந்தேன்.

காலை 9.35. எலக்ட்ரானிக் சிட்டி போகும் ஏர்போர்ட் பஸ். ஐம்பத்தெட்டு கிலோமீட்டர், முந்நூற்று ஐம்பது ரூபாய், குளிர்சாதனம். ஹெப்பாளில் வண்டி நின்றது நின்றபடியே இருக்க, நான் என் வசனத்தை ஒத்திகை பார்த்தேன். "அப்பா, ஒரு நல்ல செய்தி" என்று ஆரம்பிப்பதா? அப்படி ஆரம்பித்தால் கல்யாணச் செய்தி என்று நினைத்து அம்மா முந்திக்கொள்வார். "அப்பா, தப்பா நினைச்சுக்காதீங்க" என்றாலோ அவர் அந்த நொடியே தப்பாக நினைத்துவிடுவார். சில்க் போர்டு சந்திப்பு வருவதற்குள் பதினொரு ஆரம்பங்கள் தயார். ஒன்றும் தேறவில்லை.

அந்தப் படிப்பு எனக்கு ஏன் பிடித்துப்போனது என்பதையும் சொல்ல வேண்டும். போன புதிதில் நான் பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமில்லை. என் பிறந்தநாளுக்கு வகுப்புத் தோழர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு ரோஜாக் கொத்து வாங்கி வந்தார்கள். மரியாதையாக வாங்கி முகர்ந்து பார்த்து நன்றி சொல்வதுதானே முறை? என் கை என்னைக் கேட்காமல் கொத்தைத் தலைகீழாகத் திருப்பியது. காம்பை ஜாணில் அளந்தேன். பூவுக்குக் கீழே கழுத்தை அழுத்திப் பார்த்தேன். "ஐம்பது சென்டிமீட்டர்தான், கழுத்து வலுவில்லை, கடையில் ரெண்டு நாள் இருந்திருக்கிறது, செகண்ட் கிரேடு" என்று வாய்விட்டும் சொல்லிவிட்டேன். கொத்து வாங்கி வந்த லீஸ் என்ற பெண், "விலையையும் சொல்லேன்" என்றாள். நான் விலையையும் சொன்னேன். சரியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் எல்லாரும் சிரித்தார்கள்.

போனில் இதைக் கேட்ட அப்பா ஒரு வாரம் சிரித்தார். ஓசூர் உரக்கடை வரைக்கும் சொல்லி வைத்துவிட்டார். ஆனால் அதே கைதான் எனக்கு அங்கே மரியாதையும் வாங்கித் தந்தது. கண்ணாடி வீட்டுச் செய்முறை வகுப்பில் எல்லாரும் பூதக்கண்ணாடி வைத்து இலையில் சிலந்திப்பேன் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் இலையை வெள்ளைத் தாளில் தட்டி, விரலால் ஒரு இழுப்பு இழுத்தேன். நசுங்கிய பேன்களின் சிவப்புக் கோடு விழுந்தது. எங்கள் பேக்கிங் ஷெட்டில் எல்லாருக்கும் தெரிந்த வேலை இது. பேராசிரியை அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை செய்" என்றார். அங்கே பேராசிரியையைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு மூன்று மாதம் நாக்கு எழவில்லை, அதனால் எதிரில் போய் நின்று இருமுவேன். அப்படி இருமிக்கொண்டு நின்றவளைத்தான் அவர் நான்கு வருஷத்துக்கு வைத்துக்கொள்கிறேன் என்கிறார்.

காலை 11.40. எலக்ட்ரானிக் சிட்டியில் இறங்கி அத்திப்பள்ளி போகிற கர்நாடகா டவுன் பஸ்ஸில் ஏறினேன். பதின்மூன்று கிலோமீட்டர். கர்நாடகப் பெண்களுக்கு இலவசம், அதனால் கண்டக்டர் ஆதார் கேட்டார். நீட்டினேன். கிருஷ்ணகிரி மாவட்டம் என்று இருந்ததைப் பார்த்ததும், "நீங்க டிக்கெட் வாங்கணும் மேடம்" என்று இருபத்தைந்து ரூபாய்க்குக் கிழித்துக் கொடுத்தார். பக்கத்து சீட்டில் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை போட்ட ஒரு பெண். வயது இருபது இருக்கும். தேனிப் பக்கம் சொந்த ஊராம், ஓசூரில் செல்போன் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் வேலையாம்.

"ஆத்தி, எனக்கும் இப்பிடித்தேன் வாங்குனாரு. வெளிநாட்டுல இருந்தா வாரீக? அழுகை வரலையா அங்க?" என்று கேட்டாள்.

"முதல் மாசம் தினமும் அழுதேன்."

"நானும் இங்க வந்து மொத மாசம் அழுதேன். ரெண்டு பேரும் ஒண்ணுதேன்" என்றாள். தேனியிலிருந்து ஓசூர் வந்தவளும் ஓசூரிலிருந்து நெதர்லாந்து போனவளும் ஒன்றுதான் என்று அவள் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆஸ்டல் சாம்பாரில் சர்க்கரை போடுகிறார்கள் என்று புகார் சொன்னாள். நான் அங்கே மதியம் வெறும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான், அடுப்பே கிடையாது என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அனுதாபப்பட்டாள்.

பகல் 12.30. அத்திப்பள்ளியில் தமிழ்நாட்டு பஸ் மாறி, ஜூஜூவாடி தாண்டி ஓசூர் பஸ் நிலையம். இறங்கியதும் தூக்கிவாரிப் போட்டது. எதிரே அப்பா நின்றுகொண்டிருந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை.

நம்பவே முடியவில்லை. காதலர் தினத்துக்குப் பூ வெட்டும் காலம் இது. எங்கள் பக்கம் ரோஸ் போட்டவர்கள் ஜனவரி கடைசியில் சொந்தத் தங்கச்சி வளைகாப்புக்கும் போகமாட்டார்கள். வராதீர்கள் என்று நான் சொன்னதும் "சரி, வெட்டு இருக்குது" என்றவர்தான். வெட்டை விட்டுவிட்டு வந்து நிற்கிறார் என்றால் விஷயம் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

"இன்னா கண்ணு, இப்பிடி இளைச்சுட்ட" என்றார். நான் நாலு கிலோ ஏறியிருந்தேன்.

"யாருப்பா பூ வெட்டறாங்க?"

"ரத்னம்மா பாத்துக்குது. நீ வா, வா" என்று என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியை வாங்கிக்கொண்டார். எங்கள் 'குட்டி யானை' லோடு வண்டியின் பின்னால் பெட்டிகளை ஏற்றி, தார்ப்பாய் போட்டு, மூன்று முடிச்சுப் போட்டார். ஒரு முடிச்சே போதும்.

பகல் 1.00. மத்திகிரி. ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை இருபத்தைந்து கிலோமீட்டர், முக்கால் மணி நேர ஓட்டம். ஆனால் வண்டி கிளம்பிப் பத்தே நிமிஷத்தில் டீக்கடையில் நின்றது. வழியில் நிறுத்தி டீ குடிப்பவரே இல்லை அப்பா. "டீ குடிக்கலாமா" என்று அவர் கேட்க, "ரெண்டா குடிக்கலாம்ப்பா" என்று நான் சொன்னேன். ஒரு டீ பதினைந்து ரூபாய். நிஜமாகவே ஆளுக்கு இரண்டு குடித்தோம். பிறகு உரக்கடைக்குப் போக வேண்டும் என்றார். நானும் வருகிறேன் என்றேன். அங்கே பத்து நிமிஷம் எதையும் வாங்காமல் எல்லா மூட்டையின் விலையையும் விசாரித்தார். கடைக்காரர் என்னைப் பார்த்து, "பொறந்தநாள் பூவைக் கிரேடு பண்ண பொண்ணு இதுதானா?" என்றார். அப்பா அப்போது மட்டும் வாய் கொள்ளாமல் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சொல்லிவிடலாம் என்ற தைரியம் வந்தது. வண்டியில் ஏறியதும் போய்விட்டது.

வழியெல்லாம் ராகி அறுவடை முடிந்திருந்தது. ஓரிடத்தில் ராகிக் கதிரை ரோட்டின் குறுக்கே பரப்பிப் போட்டிருந்தார்கள். போகிற வருகிற வண்டிச் சக்கரமெல்லாம் சும்மா போரடித்துக் கொடுக்கும். மற்ற நாளில் அப்பா திட்டிக்கொண்டே ஓரம் கட்டிப் போவார். இன்று மெதுவாக ஏற்றி, அந்தப் பக்கம் போய், வண்டியைத் திருப்பி மறுபடியும் ஏற்றினார். கதிருக்குச் சொந்தக்கார அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அண்ணா, நல்லா இருப்ப, இன்னொரு சுத்து வா" என்றார். நாங்கள் இன்னொரு சுற்றும் போனோம். அந்தம்மா சிரித்தார், அப்பா சிரித்தார், நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகிற அவசரம் வண்டியில் இருந்த இரண்டு பேருக்கும் இல்லை.

பகல் 2.05. தேன்கனிக்கோட்டைக்கு நாலு கிலோமீட்டர் முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. வனக்காவலர் ஒருவர் விசிலோடு குறுக்கே நின்றார்.

"ஏரிக்கரையில யானைங்க நிக்குது. குட்டியோட இருபது இருக்கும். இந்தப் பக்கம் தாண்டினதும் விடறேன். ஹாரன் அடிக்காதீங்க, செல்ஃபி எடுக்கப் போவாதீங்க" என்றார்.

தைல மரங்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது, அவ்வளவுதான் தெரிந்தது. அப்பா எஞ்சினை நிறுத்தினார். ராகித் தாள் வாசனையும் தைல மர வாசனையும் கலந்து வந்தது. இந்த வாசனைக்கு அங்கே எவ்வளவு ஏங்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அங்கெல்லாம் யானை கிடையாது, இல்ல?" என்றார் அப்பா.

"மாடுதான்ப்பா. அதுவும் பால் கறக்கற நேரத்துக்குத் தானா போய் மெஷின் முன்னாடி வரிசையில நிக்கும்."

"கெட்டிக்கார மாடு." கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். "உனக்கு அந்த ஊரு ரொம்பப் புடிச்சிருக்குதா?"

இதுதான் நேரம். நான் தொண்டையைச் செருமினேன். அவரும் செருமினார். "அப்பா, ஒண்ணு சொல்லணும்" என்று நானும், "கண்ணு, ஒண்ணு சொல்லணும்" என்று அவரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தோம்.

"நீங்க சொல்லுங்கப்பா."

"இல்ல, நீ சொல்லு."

"பெரியவங்க நீங்க சொல்லுங்க."

"படிச்சவ நீ சொல்லு."

வனக்காவலர் விசில் ஊதிவிட்டார். பின்னால் நின்ற லாரிக்காரர் கையை ஆட்டினார். அப்பா வண்டியைக் கிளப்பினார். சொல்லவந்தது என்னவென்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு என் பயமே பெரிதாக இருந்ததால், அவர் என்ன சொல்ல வந்தார் என்று யோசிக்கக்கூட இல்லை.

பகல் 2.50. வீடு. அம்மா பிறந்த ஊர் கல்லாவி. சோறு போடுவதில் சமரசமே கிடையாது. சுடச்சுட ராகிக் களி, பிதுக்குப் பருப்புக் குழம்பு. அவரைக்கொட்டையை ஊறவைத்து ஒவ்வொன்றாகத் தோலிலிருந்து பிதுக்கி எடுத்துச் செய்கிற குழம்பு அது. ஒரு படி கொட்டை பிதுக்கியிருப்பார். பதினேழு மாதம் பாலாடைக்கட்டி தின்ற வாய்க்கு அது போதையாக இருந்தது. மூன்றாவது உருண்டை முடிந்து நிமிர்ந்தபோது அப்பாவைக் காணோம்.

"எங்கம்மா போயிட்டாரு?"

"எங்க போவாரு, ஷெட்டுலதான் ஒளிஞ்சிக்கினு இருப்பாரு" என்றார் அம்மா. "ரெண்டு பேரும் ஒரே மாதிரி முழிக்கிறீங்க. போய்ப் பேசித் தொலைங்க." அம்மாவுக்கு எதையும் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை எத்தனை உருண்டை சாப்பிடுகிறாள் என்பதிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

மாலை 4.00. பேக்கிங் ஷெட். எட்டுப் பெண்கள் மேசையின் இரண்டு பக்கமும் நின்று ரோஸைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது, ஐம்பது, அறுபது சென்டிமீட்டர் என்று மேசையிலேயே கோடு போட்டிருக்கும். காம்பை வைத்ததும் கை தானாக ஒதுக்கும். இருபது பூ ஒரு கட்டு. கழுத்து வளைந்தது மட்டும் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளியில் விழும். அந்த வாளிதான் வீட்டுக்கு. எங்கள் வீட்டுச் சாமிக்கும் அம்மா தலைக்கும் இதுவரை நேர்க் கழுத்துள்ள ரோஸ் கிடைத்ததே இல்லை.

மேசையின் தலைமாட்டில் ரத்னம்மா. நான் பிறப்பதற்கு முன்னாலிருந்து எங்களிடம் இருக்கிற கன்னடக்காரம்மா. "ஊட்டா ஆய்தா, பாப்பா? சாப்ட்டியா?" என்று இரண்டு பாஷையிலும் கேட்டுவிட்டு, கை நிறுத்தாமல், "மூணாவதுக்குள்ள இன்னும் போவலையா?" என்றார். மேசையில் எல்லாரும் திடீரென்று பூவையே பார்த்தார்கள்.

எனக்குப் புரியவில்லை. நடந்தேன். மூன்றாவது பாலிஹவுஸின் இரட்டை வலைக் கதவைத் தள்ளியதும் முதலில் மூக்குக்குத்தான் தெரிந்தது. ரோஸ் வாசனை இல்லை, வெறும் மண் வாசனையும் இல்லை, பச்சையான காரவாசனை. நிமிர்ந்து பார்த்தேன். என் தலைக்கு மேலே ஓரடி உயரத்துக்குக் குடமிளகாய்ச் செடிகள். கூரையிலிருந்து தொங்கும் நூலில் ஏறி, வரிசை வரிசையாக, சிவப்பும் மஞ்சளுமாகக் காய்த்துத் தள்ளியிருந்தது. ஆறு மாதச் செடி. பார்த்ததும் சொல்லிவிடுவேன்.

எனக்கு வந்தது கோபம். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன். வாக்கை மீறுவதற்காகவே ஏழாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் பறந்து வந்தவள் நான். அவர் மீறிவிட்டார் என்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்காக ஒரு வெறும் மண் காத்திருக்கிறது என்ற நினைப்பில்தான் அந்தக் குளிரிலெல்லாம் தூங்கியிருக்கிறேன்.

கதவுப் பக்கம் சத்தம் கேட்டது. அப்பா, தேய்த்த வெள்ளைச் சட்டையோடு, உள்ளே வராமல் நின்றார்.

"திட்டறதுன்னா திட்டிடு" என்றார்.

"கை வெக்கமாட்டேன்னு சொன்னீங்களே!"

"ஒரு வருஷம் வெக்கலையே கண்ணு. ஊரே சிரிச்சுது. உங்கம்மா தினம் கரிச்சுக் கொட்டினா. அப்பவும் வெக்கல." அவர் கீழே கிடந்த ஒரு காய்ந்த இலையை எடுத்துக் கசக்கினார். "போனவாட்டி வெயில் காலம் வரைக்கும் ஞாயித்துக்கிழமை ஆனா, 'அப்பா, போனைத் திருப்புங்க, மூணாவதைக் காட்டுங்க'ம்ப. நானும் வெறும் மண்ணைக் காட்டுவேன். அப்புறம் நீ கேக்கறதை நிறுத்திட்ட. ஒரு மாசம் பாத்தேன், ரெண்டு மாசம் பாத்தேன். சரி, பொண்ணு வரல, அதைச் சொல்ல பயப்படுதுன்னு நெனைச்சுக்கிட்டேன்."

உண்மைதான். அந்த வெறும் மண்ணைப் பார்க்கும்போதெல்லாம் கொடுத்த வாக்கு உறுத்தியது, அதனால்தான் நிறுத்தினேன். நான் நிறுத்தியதே எனக்கு மறந்துபோயிருந்தது. அவர் வாரம் வாரம் கணக்காகக் கவனித்திருக்கிறார்.

அப்புறம் ஒத்திகை ஒன்றும் தேவைப்படவில்லை. நாலு வருஷம், ஆராய்ச்சி, சிலந்திப்பேன் தாக்காத ரோஸ் ரகம், பேராசிரியை, பத்து நாள் கெடு, எல்லாவற்றையும் அழுகையும் மூக்குமாகக் கொட்டினேன். அப்பா முழுக்கக் கேட்டார்.

"நல்ல படிப்பா அது?"

"ரொம்ப நல்ல படிப்புப்பா."

"அப்ப இரு" என்றார். கசக்கிய இலையைக் கீழே உதறிவிட்டு, "நாலு வருஷம் எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். இல்லன்னு சொல்லமாட்டேன்" என்றார். பிறகு சிவப்புக் காய் ஒன்றைப் பறித்து, சட்டையில் துடைத்து, என் கையில் வைத்தார்.

"பக்கத்து நெலத்துக்காரர், உரக்கடைக்காரர் எல்லாம் ரோஸே வெய்யின்னாங்க. நான்தான் வேணாம்னுட்டேன். ரோஸ் வெச்சா ஆறு வருஷம் புடுங்க மனசு வருமா? குடமிளகாய்னா பத்து மாசம். நீ என்னிக்கு வரேன்னு சொன்னாலும் அந்தப் போகத்தோட காலி பண்ணிடலாம்."

தோட்டக்கலையில் மேல்படிப்புப் படிக்கிறவள் நான். எந்தச் செடி எத்தனை காலம் மண்ணில் நிற்கும் என்று பரீட்சை எழுதி முதல் வகுப்பு வாங்கியவள். அந்தக் குடமிளகாயைப் பார்த்த நொடியே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. காயைக் கையில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். "காரம் இல்லாத மிளகாய்க்கு இவ்ளோ கண்ணீரா" என்று அப்பா கேலி செய்துவிட்டு, அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, தரம் பிரிக்கிற மேசையின் அறுபது சென்டிமீட்டர் கோட்டின் மேல் லேப்டாப்பை வைத்து, வருகிறேன் என்று பதில் எழுதினேன். "சீக்கிரம் அந்தப் பெட்டியை எடு பாப்பா, பூ வைக்கணும்" என்றார் ரத்னம்மா.

ஒன்பதாம் நாள், மதியம் 3.00. வருகிறபோது ஐந்து மணி நேரம் இழுத்தடித்தேன். போகும்போது எங்கள் பூ லாரியிலேயே டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து நேராக விமான நிலையம். பின்னால் குளிரூட்டிய பெட்டியில் நானூறு கட்டு ரோஸ். அன்றைக்குப் பெரிய வெட்டு, அப்பாவால் வர முடியவில்லை. லாரிக் கதவை இரண்டு தட்டுத் தட்டி, "போய்ட்டு வா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அம்மா கட்டிக் கொடுத்த பிதுக்குப் பருப்பு ஒரு கிலோ மடியில் இருந்தது. ரத்னம்மா வாளியிலிருந்து கழுத்து வளைந்த ஒரு ரோஸை எடுத்து என் தலையில் செருகினார். நேர்க் கழுத்துப் பூவெல்லாம் விற்பதற்கு, வளைந்தது வீட்டாளுக்கு. அதைக் கழற்ற மனமில்லாமல் அப்படியே விமானம் ஏறினேன்.

லாரி டிரைவர் தெலுங்குக்காரர். அத்திப்பள்ளி தாண்டும்போது, "பூவுக்கு அந்தக் குளிரு ஒத்துக்கும், உனக்கு ஒத்துக்குதாம்மா?" என்று கேட்டார். "பழகிட்டேண்ணா" என்றேன். சரக்குப் பகுதியில் பூ இறங்கியது, பயணிகள் வாசலில் நான் இறங்கினேன்.

இப்போது இங்கே ஜூன். இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கிறது, எனக்கு இன்னும் அது வேடிக்கைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் மறக்காமல் கேட்கிறேன். போன வாரமும் கேட்டேன்: "அப்பா, போனைத் திருப்புங்க, மூணாவதைக் காட்டுங்க."

குடமிளகாய் எல்லாம் பிடுங்கியாகிவிட்டது. ஈர மண்ணில் வரிசையாகச் சின்னச் சின்ன நாற்றுகள். போனில் சரியாகத் தெரியவில்லை.

"என்னப்பா வெச்சிருக்கீங்க?"

"வெள்ளரி, கண்ணு" என்றார். "மூணே மாசம்தான்."